பிரான்மலை: பங்குனியில் பாதி, தையில் முழுச் சுற்று

தைப்பூசத்திற்காகக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கும் நகரத்தார் காவடிக் கூட்டத்தோடு நான் 7 ஆண்டுகள் நடந்திருக்கிறேன். சிங்கம்புணரியைக் கடந்து நத்தத்தை நோக்கிப் போகும்போது வலப்பக்கத்தில் உயர்ந்து நிற்கும் பிரான்மலையை அந்த 7 ஆண்டுகளும் பார்த்தேனே தவிர, ஒருமுறையும் ஏறியதில்லை. பழனிக்கு நடக்கிறவனுக்கு வழியில் தெரியும் மலை வெறும் அடையாளம்தான். இன்னும் எவ்வளவு தூரம் என்று கணக்குப் பார்க்க உதவும், அவ்வளவே. அதனால் அண்ணன் மகன் ஒருநாள், "சித்தப்பா, ஒரு பக்கம் ஏறி, முகட்டிலேயே நடந்து, மறுபக்கம் இறங்கி, கண்மாய்க் கரை வழியாகச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம்" என்று சொன்னபோது நான் சற்றும் யோசிக்கவில்லை. நாளுக்குப் பல காதம் நடந்த காலுக்கு அரை நாள் மலை ஒரு பொருட்டா என்ற எண்ணம்தான். அந்த எண்ணத்தில் எது தவறு, எது சரி என்பதைக் கண்டுகொள்ள எனக்கு இரண்டு பயணங்கள் தேவைப்பட்டன.

சிவகங்கை மாவட்டத்தின் வடமேற்கு ஓரத்தில், காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர், சிங்கம்புணரி வழியாகச் சென்றால் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் இந்த மலை இருக்கிறது. பாரியின் பறம்பு மலை இதுவே என்று கொள்வது வழிவழி வந்த மரபு. சம்பந்தர் பாடிய திருக்கொடுங்குன்றமும் இதுதான். பாதாளம், பூமி, கயிலாயம் என மூன்று நிலைகளாக அமைந்த சிவன் கோயில் அடிவாரத்திலும் அதையொட்டிய சரிவிலும் இருக்கிறது. உச்சியில் ஒரு தர்கா இருக்கிறது. கோயிலுக்கு வருகிறவர்களில் பலர் மேலே ஏறுவதில்லை. ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் தர்கா வரை சென்று வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். நாங்கள் விரும்பியது முழுச் சுற்று.

மலையின் உயரம் 2,500 அடி அளவு என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் முதலில் ஏமாந்தது இந்த எண்ணில்தான். அது கடல் மட்டத்திலிருந்து எடுத்த கணக்கு என்பதால், அடிவாரமே சில நூறு அடி உயரத்தில் இருக்கும்போது நாம் ஏறுவது அதைவிடக் குறைவு என்று எனக்கு நானே தேறுதல் சொல்லிக்கொண்டேன். கணக்கு சரிதான், தேறுதல்தான் தவறு. மலையேறுவோரிடம் ஒரு பழைய வாய்பாடு உண்டு. 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் வகுத்தது அது: 3 மைலுக்கு ஒரு மணி நேரம், அதன்மேல் ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். குளிர்நாட்டில், நல்ல உடற்கட்டோடு, ஓய்வில்லாமல் நடக்கிறவருக்கான அளவு இது. நம் வெயிலில், ஐம்பதைக் கடந்தவர் ஒருவரும் மேசை வேலை பார்ப்பவர் ஒருவரும் இருக்கும் குழு அதைப் போல இரண்டு பங்கு நேரத்தை ஒதுக்கிக்கொள்வதே நல்லது. இந்த வாய்பாட்டை நான் தெரிந்துகொண்டது முதல் பயணம் கெட்ட பிறகுதான்.

அந்த முதல் பயணம் பங்குனியில் நடந்தது. நானும் அண்ணன் மகனும், பெங்களூரில் கணினி வேலை பார்க்கும் என் மைத்துனரும் ஆக மூவர். வீட்டில் இட்டிலி சாப்பிட்டு, ஆச்சி கட்டிக் கொடுத்த தேன்குழலையும் அதிரசத்தையும் பையில் போட்டுக்கொண்டு, அடிவாரத்தில் காலை வைத்தபோது மணி எட்டரை ஆகியிருந்தது. மூவருக்கும் சேர்த்து 3 லிட்டர் தண்ணீர். மேலே சுனை இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னவன் நான்தான். பறம்பின் சுனையைக் கபிலர் பாடியிருக்கிறார் என்பது உண்மை. பங்குனி மாதத்தில் அந்த நீர் பச்சை நிறத்தில், குரங்குகளின் புழக்கத்தோடு, பாறைக் குழியில் தேங்கிக் கிடக்கும் என்பதும் உண்மை. மலைச் சுனையை நம்பித் தண்ணீரைக் குறைத்துக்கொள்வது, அடுத்த வீட்டுக் கிணற்றை நம்பிப் பந்தி வைப்பது போன்றது.

ஏற்றத்தின் முதல் பகுதியில் செதுக்கிய படிகளும் தேய்ந்த கற்களும் இருந்ததால் சிரமம் தெரியவில்லை. அதற்கு மேல் பாறையும் சரளையுமாக மாறுகிறது. சாய்ந்த பாறையின் மேல் பொடிச் சரளை கிடக்கும்போது அதில் கால் வைப்பது, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் கடுகைக் கொட்டி அதன்மேல் நடப்பதற்குச் சமம். சமதளத்தில் நீண்ட நடைக்குப் பழகிய என் காலுக்கு இது முற்றிலும் புதியதாக இருந்தது. பழனிப் பாதையில் காலை இழுத்து வீசி நடக்கலாம். உடம்பின் எடை தானாகவே முன்னால் போகும். இங்கே ஒவ்வொரு அடியிலும் உடம்பைத் தூக்கி வைக்க வேண்டும், வைத்த அடி நிற்குமா என்று சோதிக்க வேண்டும், அதன் பிறகே மறு காலை எடுக்க வேண்டும். அரை மணி நேரத்தில் தொடை நடுங்கத் தொடங்கியது. அதைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று அண்ணன் மகனுக்கு முன்னால் வேகமாக நடந்ததை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

உச்சிக்குச் சென்று சேர்ந்தபோது பதினொன்றைத் தாண்டிவிட்டது. தண்ணீர் பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது. அதிரசத்தை யாரும் தொடவில்லை, நாக்கு வறண்டிருக்கும்போது இனிப்பு தொண்டையில் இறங்காது. முகட்டிலிருந்து கீழே பார்த்தால் கண்மாய்கள் எல்லாம் வெடித்த சேறும் கருவேல மரமுமாக, காய்ந்த தட்டுகளைக் கவிழ்த்தது போலக் கிடந்தன. இதைப் பார்க்கவா இவ்வளவு பாடு என்று மைத்துனர் வாய்விட்டே கேட்டார்.

அப்போதே வந்த வழியில் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் சுற்று முடிய வேண்டும் என்ற பிடிவாதத்தில், மறுபக்கச் சரிவில் தெரிந்த ஒற்றையடித் தடத்தில் இறங்கினோம். தொடக்கத்தில் அது தெளிவாகத்தான் இருந்தது. கால் மணி நேரத்தில் இரண்டாகப் பிரிந்தது, பிறகு மூன்றாக. காரை முள்ளும் கிளுவையும் கள்ளியும் நெருங்கிய ஓரிடத்தில் எந்தத் தடமும் இல்லாமல் போனது. கீழே ஒரு பாறை விளிம்பு, அதற்கப்பால் என்ன இருக்கிறது என்பது தெரியவில்லை. அங்கே வெள்ளாடுகளோடு நின்ற ஒரு பெரியவர் எங்களை வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏந் தம்பி, இது ஆடு போற தடம்ல. ஆளு போற தடம் அந்தப் பக்கம். ஏறிப் போயிருங்க" என்றார்.

மலையில் நடப்பது பற்றி எனக்குக் கிடைத்த பாடங்களில் இதையே முதலாவதாக வைப்பேன். ஆட்டுத் தடத்திற்குச் சேருமிடம் என்று ஒன்று கிடையாது. ஆடு மேய்ச்சலுக்காகப் போகிறது. தழை இருக்கும் இடத்தில் தடம் பிரியும், தழை தீர்ந்த இடத்தில் தடமும் தீரும். மனிதர் நடந்த தடமோ ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்திற்குப் போகும். அதில் கால் பட்டுப் பட்டு மழமழத்த கல் இருக்கும், ஏறுவதற்கு வசதியாக யாரோ நகர்த்தி வைத்த படிக்கல் இருக்கும், பாறையில் சுண்ணாம்புக் குறி இருக்கும், துரதிர்ஷ்டவசமாகப் பாக்குப் பொட்டலத்தின் உறையும் இருக்கும். இவற்றில் எதுவும் கண்ணில் படாமல் 10 நிமிடம் நடந்துவிட்டால், கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடத்திற்குத் திரும்பிவிட வேண்டும். இறங்குவது எளிதாக இருக்கிறதே என்று தொடர்ந்து இறங்குவதுதான் ஆபத்து, ஏனென்றால் தவறை உணரும்போது அவ்வளவு உயரத்தையும் மறுபடி ஏற வேண்டியிருக்கும்.

நாங்கள் ஏறினோம். உச்சி வெயில். பாதி வழியில் மைத்துனர் தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தார். கையைத் தொட்டுப் பார்த்தபோது அந்த வெயிலில் அவருக்குப் புல்லரித்திருந்தது. சுடும் வெயிலில் குளிர்வது போல இருந்தாலோ, தலை சுற்றினாலோ, பேச்சில் எரிச்சல் கூடினாலோ, உடம்பு சூட்டைத் தாங்கவில்லை என்று பொருள். அவரைப் பாறை நிழலில் படுக்க வைத்து, துண்டை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைத்து, மிச்சமிருந்த தண்ணீரைச் சிறுகச் சிறுகக் கொடுத்தோம். அந்த ஆட்டுக்காரப் பெரியவர் தம்முடைய தூக்குச் சட்டியிலிருந்து உப்புப் போட்ட நீராகாரத்தை ஊற்றிக் கொடுத்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு மணி நேரம் கழித்து மைத்துனர் எழுந்து நடந்தார். சுற்றை விட்டுவிட்டு, ஏறிய வழியிலேயே இறங்கி வீடு திரும்பினோம். காருக்குள் யாரும் பேசவில்லை.

வீட்டில் ஒரு வாரம் மாடிப்படி இறங்கும்போதெல்லாம் தொடை வலித்தது. ஏறும்போது வலிக்கவில்லை, இறங்கும்போதுதான். இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. அந்த வகை உழைப்புக்குச் சமதள நடை எவ்வளவு நடந்தாலும் பழக்கம் தராது. ஆகவே அடுத்த பயணத்திற்கு முன்பு இரண்டு மாதம், வாரத்தில் மூன்று நாள் குன்றக்குடிப் படிகளில் ஏறி இறங்கினேன். சண்முகநாதரைத் தரிசிக்க ஒரு முறை போதும் என்றாலும், முழங்காலுக்காக நான்கு முறை. இறங்கும்போது முழங்காலைச் சற்று மடக்கியபடியே வைத்து, சிறு சிறு அடிகளாக, ஓசை எழாமல் கால் வைக்கப் பழகினேன். ஓசை எழுந்தால் எடை எலும்பில் இறங்குகிறது என்று பொருள்.

அடுத்த தையில், பொங்கல் கழிந்த வாரத்தில் மறுபடி புறப்பட்டோம். வடகிழக்குப் பருவமழை கண்மாய்களை நிறைத்துவிட்டுப் போயிருந்தது. இந்த முறை கணக்கை மாற்றினோம். தூரத்தை வைத்து நாளைப் பிரிக்காமல் வெயிலை வைத்துப் பிரித்தோம். பாதயாத்திரையில் விடியற்காலம் நடப்போம், உச்சிப்பொழுதில் மடத்திலோ தோப்பிலோ கிடப்போம், வெயில் தாழ்ந்ததும் மறுபடி நடப்போம். அதே முறைதான். என் காலைப் பற்றி நான் கொண்டிருந்த பெருமை மலையில் செல்லவில்லை. ஆனால் முன்னோர் நடந்து நடந்து வகுத்த அந்தப் பொழுதுக் கணக்கு அப்படியே செல்லுபடியானது. முதல் பயணத்தில் நான் எடுத்துப் போயிருக்க வேண்டியது அதைத்தான்.

மறுபக்கம் இறங்கும் ஆசையையும் கைவிட்டோம். தெரிந்த தடத்தில் ஏறி, அதே தடத்தில் இறங்கி, பிறகு அடிவாரத்தைச் சுற்றி வருவது என்று திட்டத்தைத் திருத்தினோம். ஏட்டில் பார்த்தால் இது சரியான வளையம் ஆகாதுதான். மலை நம் ஏட்டைப் பார்ப்பதில்லை.

காரைக்குடியில் நாலரைக்குக் கிளம்பி, ஆறு மணிக்குக் கைவிளக்கோடு ஏறத் தொடங்கினோம். தையில் சூரியன் எழ ஆறரைக்கு மேல் ஆகும் என்பதால் முதல் அரை மணி நேரம் இருட்டு. பனியில் நனைந்த பாறை வழுக்கும் என்பதை மட்டும் நாங்கள் எதிர்பார்க்கவில்லை. பாசி படிந்து கறுத்த பகுதிகளைத் தவிர்த்து, வெளிறிச் சொரசொரத்த பகுதிகளில் மட்டும் கால் வைத்தோம். ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர். அதில் ஒரு லிட்டரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், இரண்டையும் தலைதட்டி அளந்து, கரைத்து வைத்திருந்தோம். அதிரசத்திற்குப் பதில் புளியோதரைக் கட்டுச்சோறு. எதையும் பிளாஸ்டிக் பையில் கையில் தொங்கவிட்டுச் செல்லக் கூடாது, அந்தச் சலசலப்பைக் கேட்டாலே குரங்குகள் வந்துவிடும். முதல் முறை தேன்குழல் அப்படித்தான் போனது. பாறை இடுக்கில் பெருந்தேனீக் கூடுகள் தென்பட்டால் ஓசையில்லாமல் கடக்க வேண்டும். புகையும் கூடாது, வாசனைத் தெளிப்பும் கூடாது.

எட்டே காலுக்கு உச்சி. தர்காவில் சற்று நேரம் இருந்துவிட்டு முகட்டில் நடந்தோம். சென்ற பங்குனியில் மைத்துனர் கேட்ட கேள்விக்கு அங்கே விடை இருந்தது. மேற்கே நத்தம் பக்கத்துக் கரந்தமலையும் தென்மேற்கே அழகர்மலையும் நீலமாக எழுந்திருக்க, கிழக்கேயும் தெற்கேயும் எங்கள் செட்டிநாடு ஒரு மேடும் இல்லாமல் விரிந்து கிடந்தது. அந்தச் செம்மண் பரப்பு முழுவதும் கண்மாய்கள் பனிமூட்டத்திலிருந்து ஒவ்வொன்றாக வெளிப்பட்டு, வெயில் பட்டதும் வெள்ளித் தாம்பாளங்கள் போல ஒளிர்ந்தன. கீழே வாழும்போது கண்மாய் என்றால் ஒரு கரை, ஒரு மடை, ஒரு கலுங்கு, அவ்வளவுதான் நம் கண்ணுக்குத் தெரியும். மேலிருந்து பார்க்கும்போதுதான் அவை ஒரு சங்கிலி என்பது புலப்படுகிறது. நிலம் கடலை நோக்கித் தாழ்வதால், ஏறத்தாழ எல்லாக் கண்மாய்களுக்கும் கரை அந்தத் தாழ்ந்த பக்கத்தில் பிறைபோல வளைந்திருக்கிறது. மேல்கண்மாய் நிறைந்து கலுங்கு வழியே வெளியேறும் நீர் வாய்க்காலாகி அடுத்த கண்மாயில் சேர்கிறது, அதன் மறுகால் அதற்கடுத்ததில். யார் எப்போது இந்த மட்டங்களைப் பார்த்தார்கள், எந்தக் கருவியால் பார்த்தார்கள் என்று அண்ணன் மகன் கேட்டான். பொறியியல் படித்தவன் அவன். நான் அவனைத் திருப்பிக் கேட்டேன்.

இந்த மலைக் கோயிலில் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வணிகர் குழுக்களின் கல்வெட்டு ஒன்று உண்டு. மிளகு, பாக்கு, இரும்பு, பருத்தி என்று தாங்கள் கையாண்ட சரக்குகளுக்கெல்லாம் கோயிலுக்கு இவ்வளவு என்று மகமை வைத்ததை அது பட்டியலிடுகிறது. பொதி சுமந்தவர்களும் எங்களைப் போலவே இந்தக் கண்மாய்களை நம்பித்தான் நடந்திருப்பார்கள் என்று முகட்டில் உட்கார்ந்து புளியோதரை தின்றபோது தோன்றியது. மகமை எழுதும் வழக்கம் எங்கள் வீட்டுக் கணக்குப் புத்தகங்கள் வரைக்கும் வந்திருக்கிறது.

ஒன்பதரைக்கு இறங்கத் தொடங்கிப் பதினொன்றுக்கு அடிவாரம் வந்தோம். நண்பகலில் நடை சாத்துவதற்கு முன் கோயிலில் தரிசனம் முடித்து, புளியமர நிழலில் படுத்து உறங்கினோம். இந்த 4 மணி நேரத்தை வீண் என்று எண்ணுகிறவர்கள் சுற்றை முடிக்க மாட்டார்கள்.

மாலைச் சுற்றுக்கு மூன்று மணிக்குக் கிளம்பினோம். அடிவாரத்தைச் சுற்றும் வழி ஊர்ச்சாலையும் வண்டிப்பாதையும் கண்மாய்க் கரையும் வரப்பும் கலந்தது. எங்கள் கைப்பேசிக் கணக்கில் 11 கிலோமீட்டர். மலையின் கிழக்குப் பக்கத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது நல்லது, பிற்பகலில் மலையின் நிழல் அங்கேதான் விழும். கரையில் நடப்பதற்கு நிகரான நடை கிடையாது. ஒரு பக்கம் முழுக்கண்மாய், அதில் தலைகீழாக மலை. மறு பக்கம் மடைப்பாசனத்தில் கதிர் முற்றிய நெல். பனைமரங்கள் வரிசையாக நிற்கும், ஆனால் அவற்றின் நிழலை நம்ப முடியாது.

ஒரே ஓர் இடத்தில்தான் தடுமாறினோம். ஒரு கண்மாயின் கலுங்கில் இன்னும் கணுக்கால் அளவு நீர் வழிந்துகொண்டிருந்தது. பார்க்க ஒன்றுமில்லை, ஆனால் கலுங்குக் கல்லின் மேல் மழைக்காலம் முழுவதும் நீர் ஓடியதால் பாசி வழவழவென்று படிந்திருந்தது. ஷூவோடு முதல் அடி வைத்த அண்ணன் மகன் உட்கார்ந்த நிலையிலேயே பத்தடி சறுக்கிச் சென்றான். அடிபடவில்லை, கைப்பேசிதான் நனைந்தது. வழியும் கலுங்கை நேராகக் கடக்காமல், கீழே இறங்கி வாய்க்கால் விரிந்து மணலாகும் இடத்தில் கடக்க வேண்டும் என்பதை வயலில் நின்ற ஓர் அம்மாள் எங்களுக்குச் சொன்னார். சறுக்கும் முன் சொல்லியிருக்கலாம் என்று அவன் முணுமுணுத்தான். நாம் கேட்டிருக்கலாம் என்றார் மைத்துனர். வயல் வரப்புகளில் இறங்கும் முன் அங்கே இருப்பவரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்வது, வழிக்கும் நல்லது, மரியாதைக்கும் நல்லது.

காலணி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டாம் பயணத்திற்கென்றே ஒரு கடையில் புதிய மலையேற்றக் காலணி வாங்கினேன். இரண்டு வாரம் போட்டுப் பழகவும் செய்தேன். ஆனாலும் இறக்கத்தில் கால் முன்னால் நழுவி நழுவிப் பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. காலணி வாங்குவதென்றால் மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும்போது, தடித்த காலுறையோடு போட்டுப் பார்த்து, விரலுக்கு முன்னால் ஒரு விரற்கடை இடம் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். இறங்கும் முன் கணுக்காலருகே கயிற்றை மறுபடி இறுக்கிக் கட்ட வேண்டும். நகத்தை முந்தின நாளே வெட்டிவிட வேண்டும். மூன்றில் எதையும் நான் செய்யவில்லை.

ஆறு மணிக்குச் சற்று முன்பு, வெயில் முகட்டை மட்டும் தொட்டுக்கொண்டிருந்த நேரத்தில், காரை நிறுத்திய இடத்திற்கு வந்து சேர்ந்தோம். திரும்பும் வழியில் ஒரு வழக்கு எழுந்தது. முகட்டிலிருந்து எண்ணிய கண்மாய்கள் 17 என்றான் அண்ணன் மகன். 14 என்றார் மைத்துனர். அவன் ஊருணிகளையும் சேர்த்து எண்ணியிருக்கிறான், குடிக்க வெட்டிய ஊருணியும் பாசனத்துக்குக் கரை போட்ட கண்மாயும் எப்படி ஒன்றாகும் என்பது அவருடைய வாதம். திருப்பத்தூர் வரும் வரையில் அது தீரவில்லை. வரும் தையில் மறுபடி ஏறி எண்ணிப் பார்ப்பது என்று முடிவாகியிருக்கிறது, தாளும் பென்சிலும் என் பொறுப்பு.